லொறி ஸ்பிரிங் பிளேட்டில் கத்தி: தோய்ச்ச பிறகும் அரம் பிடிக்குது

படுவான்கரை:
மீன் வெட்டுற கத்தி. அலகு 18 செ.மீ., முதுகு 3.5 மி.மீ., வாய்ப்பக்கம் 1 மி.மீ. வரைக்கும் தேய்ச்சிருக்கு. சிரட்டைக் கரி உலை, காத்துக்கு ஹெயார் ட்ரையர். இரவில நல்லாச் சிவந்த பிறகு தேங்காய் எண்ணெயில தோய்ச்சும் அரம் பிடிக்குது, இரும்பு இறுகல்ல போல. தண்ணியில தோய்க்கலாமா?

உலைக்களம்:
தண்ணி வேணாம் தம்பி. இந்த இரும்பு எண்ணெயிலேயே இறுகும். தண்ணியில விட்டா வாய்ப்பக்கம் வெடிச்சிரும்.
திரும்பச் சூடாக்கவும் அவசரப்பட வேணாம். உலையில கிடக்கக்குள்ள மேல்தோலில இருக்கிற கரிச்சத்து எரிஞ்சிரும். அந்த 0.1, 0.2 மி.மீ. தோல் எப்பவும் மெத்தையாத்தான் இருக்கும், அரம் அதைத்தான் பிடிக்கும். அலகில மூணு இடத்தில தோலை உரிச்சு, அதுக்குக் கீழ அரத்தைப் போட்டுப் பாருங்க. உரிக்கக்குள்ள அலகு சூடேறாம தண்ணியில தொட்டுத் தொட்டுத் தேய்க்கணும். வழுக்கினா இறுகிட்டுது.

படுவான்கரை:
நுனியும் நடுவும் வழுக்குது அண்ணன். பிடிப்பக்கம் 4 செ.மீ. மட்டும் பிடிக்குது.

உலைக்களம்:
அப்ப அந்த இடத்துக்குச் சூடு காணாது. இருட்டில 650 பாகையிலேயே இரும்பு நல்ல சிவப்பாத் தெரியும், இதுக்கு வேண்டியது 830 அளவு. நிறத்தை நம்பாம காந்தத்தை வைங்க. 770 பாகைக்குக் கிட்ட ஒட்டாமப் போகும். அதுக்கு மேல இன்னும் ஒரு படி சிவக்க விட்டு, ரெண்டு மூணு நிமிசம் அதே சூட்டில வைச்சுத்தான் தோய்க்கணும்.

கல்லடிக்காத்து:
காத்து ஒரே ஓட்டையால வந்தா நெருப்பும் ஒரே இடத்திலதான் எரியும். இரும்புக் குழாயில 3 செ.மீ.க்கு ஒண்டா 6 மி.மீ. துளை போட்டு உலைக்கு அடியில நீளவாக்கில வைங்க. கல்வனைஸ் குழாய் மட்டும் வேணாம், துத்தநாகப் புகை நஞ்சு.
மறுபடி தோய்க்க முதல், காந்தம் ஒட்டாத சூட்டுக்குக் கொண்டுபோய் சும்மா காத்தில ஆற விடுங்க, மூணு தரம். இதைச் செய்யாட்டி அலகு வளையலாம். எண்ணெய் 4 லீற்றராவது வேணும், 50 பாகைக்குச் சூடாக்கி, மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில. நெருப்புப் பிடிச்சா மூடியாலதான் அணைக்கணும். நுனி கீழ பார்க்க நேரா இறக்குங்க. பக்கவாட்டில ஆட்டினாக் கோணும்.
கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறின உடனே அவணில 200 பாகை, 2 மணித்தியாலம், ரெண்டு தரம். துலக்கின இடம் வைக்கோல் நிறத்துக்கு வரணும். நீலமாகினா வாய் மழுங்கும்.

உலைக்களம்:
பிடிக்கு முதிரை மரம் நல்லம். ஒட்ட முதல் உள்பக்கத்தைச் சொரசொரப்பாக்கி, அரல்டைட் பசை பூசி, பித்தளை ஆணி ரெண்டு அடிங்க. இடைவெளி விட்டா மீன் தண்ணியும் உப்பும் உள்ள இறங்கி, பிடிக்குள்ள இருக்கிற இரும்பு துருப்பிடிச்சு மரத்தைப் பிளந்திரும்.