செய்தி எழுதும் வகுப்பில் கிட்: உங்களுக்கு என்ன நடந்தது?

இதழியல் மாணவர்களுக்குச் செய்தி எழுதுதல் பாடம் எடுக்கிறேன். போன பருவத்தில் வேர்டு கோப்பு வேண்டாம், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருளான கிட்டில் கட்டுரையைப் போடுங்கள் என்றேன். முதல் வாரமே சறுக்கல். ஒரு மாணவி ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றியிருந்தாள். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் டிஃப்பில் பத்தி முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக நின்றது. கிட் வரி வரியாகத்தான் ஒப்பிடும். அதன் கணக்கில் ஒரு பத்தி என்பது ஒரு நீள வரி. அப்புறம் வாக்கியத்துக்கு ஒரு வரி என்று விதி வைத்தோம். நாங்கள் எழுதும் எளிய உரை வடிவமான மார்க்டவுன் அதைப் பத்தியாகவே சேர்த்துக்கொள்கிறது. எந்த வாக்கியம் இழுக்கிறது என்பதும் அவர்கள் கண்ணிலேயே பட ஆரம்பித்தது.

மாற்றத்தைக் கிட்டில் பதிவதுதான் கமிட். அதோடு எழுதும் குறிப்பில் முதலில் "மாற்றம்", "மாற்றம் 2" என்றுதான் எழுதினார்கள். ஏன் மாற்றினாய் என்று எழுது என்றதும் ஒருவன் எழுதியது: "இறந்தவர்கள் 4 அல்ல, 3. மருத்துவமனையில் மறுபடி கேட்டேன்." அந்த ஒரு வரிக்கே மதிப்பெண் போட்டேன்.

பதில்:
என் வகுப்பில் நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டுதான் ஒருவர் பேசியிருந்தார். மாணவர் அந்தப் பெயரோடு வரைவைக் கமிட் செய்து, யாரும் பார்க்கக்கூடிய ரெப்போவுக்கும் (கோப்புகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் இடம்) ஏற்றிவிட்டார். மறுநாள் ஞாபகம் வந்து நீக்கினார். கட்டுரை சுத்தம். ஆனால் இன்னொரு மாணவி பழைய கமிட்டைத் திறந்து, பெயரை வகுப்பிலேயே வாசித்தாள். வரலாற்றையே மாற்றி எழுதி, பழையதன் மேல் வலுக்கட்டாயமாக ஏற்றினோம் (ஃபோர்ஸ் புஷ்). சரி, ஏற்கெனவே முழு நகல் (குளோன்) எடுத்தவர்கள்? ஒவ்வொருவரிடமும் போய் நின்று அழிக்க வைத்தேன். வெளியாட்கள் யாராவது எடுத்திருந்தால் எனக்குத் தெரிய வழியில்லை. பேசியவரைக் கூப்பிட்டுச் சொன்னோம். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். இப்போது பேட்டிக் குறிப்பு எதுவும் ரெப்போ பக்கமே வராது.

பதில்:
கட்டளைகளைத் தட்டச்சு செய்து கிட்டை இயக்கும் கட்டளை வரி வேண்டாம் என்பது என் கட்சி. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதியது லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்காக, நிருபர்களுக்காக அல்ல. நாங்கள் உலாவியிலேயே முடித்துக்கொள்கிறோம். முதல் வகுப்பில் 2012இல் வந்த நியூஸ்டிஃப்ஸ் என்ற தளம் பற்றிச் சொல்வேன்: பெரிய செய்தித் தளங்கள் வெளியிட்ட பிறகு கட்டுரையில் என்ன மாற்றின என்பதைப் அருகருகே வைத்துக் காட்டியது. எதற்கு இந்தக் கருவி என்ற கேள்வி அதோடு நின்றுவிடும்.

ஆனால் இரண்டு பேரின் மாற்றங்களை இணைக்கும்போது வரும் மெர்ஜ் மோதலை நான் சொல்லித்தர மறந்துவிட்டேன். இரண்டு பேர் ஒரே தலைப்பை மாற்றியிருக்கிறார்கள். எதை வைப்பது என்று கேட்டுக் கிட் போட்ட குறிகள் அங்கே நின்றன: நடுவில் சமக்குறிகள், மேலும் கீழும் அம்புக்குறிகள், இரண்டு தலைப்பும் உள்ளே. அப்படியே சமர்ப்பித்துவிட்டார்கள். ஏதோ புது வடிவமைப்பு போல என்று நானும் ஒரு நிமிடம் ரசித்தேன்.