குமுளியில் வீட்டு சார்ஜிங்: எர்த் ஃபால்ட், பிளக் சூடு, இறக்கத்தில் ரீஜென் இல்லை

கேள்வி (குமுளி)
எலெக்ட்ரிக் கார் வந்து 3 வாரம். 30 யூனிட் பேட்டரி, கூட வந்த 15 ஆம்பியர் போர்ட்டபிள் சார்ஜர். இரவு போட்டால் சில நாள் விடிய விடிய ஏறுகிறது. சில நாள் பத்து நிமிஷத்தில் சிவப்பு விளக்கு, எர்த் ஃபால்ட் (எர்த் இணைப்பு சரியில்லை). பிளக்கைத் தொட்டால் கை சுடுகிறது. கம்பத்தில் தம்பி வீட்டில் இதே சார்ஜர் ஒழுங்காக ஓடுகிறது. இங்கே வயர்மேன் சேட்டன், சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடலாம் என்கிறார். சரியா?
இன்னொன்று: ஃபுல் சார்ஜோடு காலையில் கம்பம் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டாலும் ரீஜென் (மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிப்பது) வருவதில்லை. பிரேக் கோளாறா?

பதில் 1 (போடி, வயரிங் வேலை)
அந்தத் துண்டு வயர் வேண்டவே வேண்டாம். சார்ஜர் ஏமாறும், ஆபத்து அப்படியே இருக்கும். எங்காவது நியூட்ரல் அறுந்தால் காரின் பாடியிலேயே 230 வோல்ட் நிற்கும். கதவைத் தொடுகிறவர் கதி அவ்வளவுதான்.

மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். நியூட்ரல்-எர்த் 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சாக்கெட் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

சூடு தனிக் கதை. மீட்டர் போர்டிலிருந்து 30 மீட்டருக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர் என்றால், 15 ஆம்பியர் ஓடும்போது போக வர 11 வோல்ட் வயரிலேயே விழும். அதாவது 160 வாட் சுவருக்குள் வெந்துகொண்டிருக்கும். 4 ஸ்கொயர் காப்பர் தனி லைன், 20 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் அணையும் சுவிட்ச்) போடுங்கள். பிளக் முனை மட்டும் சுட்டால் சாக்கெட்டின் உள் பித்தளைக் கவ்வி தளர்ந்திருக்கும். புது 16 ஆம்பியர் சாக்கெட் மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. அதுவரை சார்ஜரில் 10 ஆம்பியர் செட்டிங் இருந்தால் அதில் ஓட்டுங்கள்: நேரம் ஒன்றரை மடங்கு ஆகும், சூடு பாதிக்கும் கீழே இறங்கும்.

ஒரு கேள்வி: ஏறிய நாட்கள் மழை நாட்களா?

கேட்டவர்
ஆமாம் அண்ணா, மழை பெய்த ராத்திரிகளில்தான் ஏறியது! அளவு: பேஸ்-நியூட்ரல் 231, பேஸ்-எர்த் 170, நியூட்ரல்-எர்த் 60.

பதில் 2 (கூடலூர்)
ரீஜென் பற்றி. கோளாறு இல்லை, பேட்டரியில் இடம் இல்லை. இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராகிக் கரண்டை பேட்டரிக்கு அனுப்புகிறது. 100 சதவீதத்தில் அது வாங்காது, ஆகவே இழுவையும் வராது. குமுளிக்கும் கம்பத்துக்கும் உயரம் ஏறக்குறைய 450, 500 மீட்டர் வித்தியாசம். 1,500 கிலோ வண்டிக்கு அது 2 யூனிட். திரும்பி வருவது ஒன்று, ஒன்றேகால். உங்கள் பேட்டரியில் 4 சதவீதம். 90-ல் நிறுத்திவிட்டு இறங்குங்கள், தாராளம். மீட்டர் காட்டும் சதவீதம் பிசகாமல் இருக்க அவ்வப்போது 100 வைக்கச் சொன்னால், பெரிய இறக்கம் இல்லாத வண்டிப்பெரியார் பக்கம் போகும் நாளில் வையுங்கள்.
ஃபுல்லாக இறங்க நேர்ந்தால் பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். கொண்டை ஊசிக்கு முன்பே அழுத்தி வேகத்தைக் குறைத்து, காலை எடுங்கள்.

பதில் 1 (போடி)
60 வோல்ட் என்றால் எர்த் பேருக்குத்தான் இருக்கிறது, மழையில் மண் நனைந்தால்தான் வேலை செய்கிறது. எர்த் குழி மூடியைத் திறந்து, ராடும் பச்சை வயரும் சேரும் கிளாம்ப்பைப் பாருங்கள். தொடும் முன் மெயினை அணையுங்கள்.

கேட்டவர்
கிளாம்ப் போல்ட் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது, விரலால் ஆட்டினாலே ஆடியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது போல்ட் முறுக்கி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியபின் நியூட்ரல்-எர்த் 4.

பதில் 1 (போடி)
தண்ணீர் காய்ந்ததும் அந்த வோல்ட் மறுபடி ஏறும். பாறை மண்ணில் ஒரு ராடு பத்தாது. 3 மீட்டர் தள்ளி இன்னொரு 3 மீட்டர் ராடு இறக்கி, சுற்றி பென்டோனைட் (ஈரம் பிடித்து வைக்கும் களிமண்) நிரப்பி, இரண்டையும் சேருங்கள். எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குக் கீழே வர வேண்டும். அளவைக் கோடையில் எடுக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் எல்லாக் குழியும் பாஸ்தான்.