குழந்தை நலக் குழுவில் பிள்ளைகள் சொன்னது யார் காதுவரை போனது? – அனுபவப் பகிர்வு

வேம்பு:
பிள்ளையின் வீட்டு நிலைமையை விசாரித்துக் குழந்தை நலக் குழுவுக்குத் தரும் சமூக விசாரணை அறிக்கையை எழுதுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்த சிறுமி, காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னாள். சித்தப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிக்கிறார். வெளியே சொல்லக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. எழுதினேன், எழுதத்தான் வேண்டும். குழுவின் அமர்வில் உறுப்பினர் ஒருவர் அந்தப் பத்தியை உரக்கப் படித்தார். பக்கத்தில் அம்மா. கதவு திறந்தே கிடக்கிறது, வராந்தாவில் அந்த ஆள். பிள்ளை அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அதன்பிறகு நான் எதைக் கேட்டாலும் "தெரியாது" என்றாள். இந்த அறிக்கைகள் இரகசியமானவை என்று இளைஞர் நீதிச் சட்டம் 2015, 99ஆம் பிரிவு சொல்கிறது. கதவைச் சாத்தக்கூட அங்கே ஆளில்லை.

நீதிமன்ற வாசல்:
கதவைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் 99ஐ முழுவதும் படியுங்கள். அறிக்கையின் சாரத்தைப் பெற்றோருக்குத் தெரிவித்து, அவர்கள் சான்று காட்ட வாய்ப்பளிக்கக் குழுவுக்கு அதே பிரிவு இடம் தருகிறது. நான் ஆஜரான வழக்கில் தாய்க்குக் குழு எதுவுமே சொல்லவில்லை. "என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் சார்?" என்று படிக்கட்டில் நின்று கேட்டார். கையில் மகனுக்கு வாங்கிய புதுச் செருப்பு. என்னவென்றே தெரியாத ஒன்றை அவர் எப்படி மறுப்பார்?

கடலோரத்தான்:
நன்னடத்தை அலுவலராக இருந்தவன் நான். "யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள்" என்று ஒரு பையன் கை நீட்டினான். நான் செய்யவில்லை; அவனும் பேசவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளை வாய் திறக்கும் முன்பே, எதை நீங்கள் மறைக்க முடியாது என்று சொல்லிவிடுங்கள். பாலியல் குற்றமென்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும். தவறினால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. வழக்கறிஞர் கட்சிக்காரரோடு பேசியதற்குப் பாரதிய சாட்சிய அதிநியத்தில் (பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பாதுகாப்பு உண்டு, நமக்கு அது கிடையாது. வழக்குக்கு வேண்டியதை மட்டும் எழுதுங்கள். தாயின் நோயும் அக்காவின் காதலும் அறிக்கையில் எதற்கு? பிள்ளையின் சொற்களை அப்படியே போடாதீர்கள், யார் சொன்னதென்று வீட்டார் கண்டுபிடித்துவிடுவார்கள். அமர்வுக்கு முன்பே, பிள்ளையைத் தனியாக விசாரிக்கும்படி குழுத் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். கோப்பைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவையும் பார்க்கட்டும். பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மீனா:
ஐயா, நான் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள். பிள்ளையின் சொற்கள் வேண்டாம் என்கிறீர்களே, என் அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். பெரியவளானபின் கோப்பைக் கேட்டு வாங்கிப் படித்தேன். மாமா வீட்டில் நடந்ததையெல்லாம் ஒரு மாலை முழுக்க அழுதுகொண்டே சொன்னேன். "சிறுமி மன உளைச்சலில் உள்ளார்" என்று ஒரே வரி. குழு என்னை அங்கேயே திருப்பி அனுப்பியது.

வேம்பு:
வாசல், தாய்க்குத் தெரியவே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? அவரைத் தனியாக அழைத்து, வீட்டில் அடிதடி நடப்பதாகத் தகவல் இருக்கிறது, உங்கள் பதில் என்ன என்று கேட்டிருக்கலாம். மகள்தான் சொன்னாள் என்பது தெரியவே வேண்டியதில்லை.

மீனா, கோப்புக்கு யாரிடம் மனுக் கொடுத்தீர்கள்? இங்கே ஒரு பெண் அதற்காகவே அலைந்துகொண்டிருக்கிறாள்.