நாட்டு மீன் கூட்டம்: வலை எடுத்துட்டு வரலாமா, வேணாமா?

கெத்தாபாங்_இலை:
எல்லாருக்கும் வணக்கம். நம்ம சிங்கப்பூர் நன்னீர் மீன் மேல பைத்தியமா இருக்கிற ஆளுங்க ஒரு தடவ நேர்ல கூடணும்னு வாட்சாப்ல பேசிட்டே இருக்கோம், ஒன்னும் நடக்கல, அதான் இங்க போடுறேன். என் பிளான்: ஒரு ஞாயித்துக்கிழமை காலைல 8 மணிக்கு வீனஸ் டிரைவ் கார்பார்க், அங்கேருந்து விண்ட்சர் நேச்சர் பார்க் ஓடை ஓரமா மெதுவா நடந்து மீன் பார்க்கிறோம், வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுட்டு தாம்சன் ரோட்டுப் பக்கம் புரோட்டா. கார் இல்லாதவங்க அப்பர் தாம்சன் எம்ஆர்டி. டிசம்பர் ஜனவரி வேணாம், மழைல ஓடை கலங்கிடும், நடந்ததுதான் மிச்சம். முப்பது பேர் வரைக்கும் வருவாங்கன்னு கணக்கு, அவ்ளோ பேர்னா பூங்காவப் பார்த்துக்குற என்பார்க்ஸ்கிட்ட முன்னாடியே சொல்லி கேட்டுக்குறேன். யார் யார் வர்றீங்க?

லோங்காங்_ராஜா:
பிளான் நல்லாருக்கு தம்பி. ஆனா பார்க்கிறோம்னா என்ன அர்த்தம்? பாலத்து மேல நின்னு எட்டிப் பார்த்துட்டு புரோட்டா சாப்பிடப் போறதா? வலை எங்க, வாளி எங்க? நாங்கள்லாம் கம்பத்துல, அதான் கிராமத்துல, லோங்காங் கால்வாய்ல இறங்கி கையாலயே பிடிச்சு வளந்த ஆளுங்க. செபாட், பெட்டான்னு சொல்ற சண்டை மீன், குட்டி விரால், எல்லாத்தையும் மைலோ டின்ல போட்டு வீட்டுக்கு கொண்டு போய் அம்மாகிட்ட அடி வாங்குவோம். இப்ப உள்ள பிள்ளைங்க மீன யூடியூப்லதான் பார்க்குதுங்க. தொட்டுப் பார்க்காத பிள்ளைக்கு அது மேல பாசம் எங்கேருந்து வரும்? சின்னதா ஒரு கைவலை, பிடிச்சு கண்ணாடி பாக்ஸ்ல போட்டு அஞ்சு நிமிஷம் காட்டிட்டு அதே எடத்துல விட்டுரலாம். யாருக்கு என்ன நஷ்டம்?

ஈரக்காடு:
அங்கிள், நேச்சர் பார்க்கோ காப்பகமோ, என்பார்க்ஸ் பர்மிட் இல்லாம எதையும் பிடிக்கக் கூடாது. காப்பகத்துக்குள்ள பிடிச்சா 50,000 வெள்ளி (டாலர்) வரைக்கும் அபராதம், 6 மாசம் வரைக்கும் ஜெயில், சில சமயம் ரெண்டுமே. திரும்ப விடத்தான் பிடிச்சேன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

சரி சட்டத்த விடுங்க. அந்த ஓடை நிறைய எடத்துல முழங்கால் ஆழம் கூட கிடையாது. முப்பது பேர்ல பாதி பேர் இறங்கினாலும் அடில இருக்கிற மண்ணும் இலையும் கிளம்பி கீழ்ப்பக்கம் பூரா கலங்கும். இன்னொன்னு, பெட்டா பக்னாக்ஸ்ல ஆண் மீன்தான் முட்டைய வாய்க்குள்ள வச்சு அடைகாக்கும். வலைல மாட்டுற பயத்துல துப்பிரும், இல்லன்னா முழுங்கிரும். நீங்க மீன திரும்ப விட்டுட்டீங்க, முட்டைய யார் திரும்ப வைக்கிறது?

ரெண்டு_வாலு_அம்மா:
எனக்கு ரெண்டு பேர் சொல்றதும் நியாயமாத்தான் படுது. ஆனா என் சின்னவனுக்கு அஞ்சு வயசு, பாலத்து மேலேருந்து பார்த்தா அவனுக்கு தண்ணில வானமும் மரமும்தான் தெரியும். ரெண்டாவது நிமிஷம் "ஃபோன் குடும்மா"ம்பான். பிள்ளைங்களுக்கு என்ன வச்சிருக்கீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல. டாய்லெட் இருக்கா?

கெத்தாபாங்_இலை:
டாய்லெட் இருக்கு அக்கா, கார்பார்க் பக்கத்துலயே. தண்ணில வானம் தெரியுறதுக்கு போலரைஸ்டு கண்ணாடி போட்டா போதும், தூண்டில் போடுறவங்க போடுவாங்களே அதுதான், மேல அடிக்கிற வெளிச்சம் போயி அடி வரைக்கும் தெரியும். நான் ரெண்டு மூணு எக்ஸ்ட்ரா கொண்டு வரேன். ரெண்டு புள்ளி ராஸ்போரா கூட்டமா நிக்கும், சேடில் பார்ப் கீழ மேயும், தண்ணி மட்டத்துல ஊசி மாதிரி வாய வச்சுக்கிட்டு அரைமூக்கன் நின்னா அதையும் பார்க்கலாம். அது முட்டை போடாது, குட்டி போடும், சின்னவன்கிட்ட சொல்லுங்க.

லோங்காங்_ராஜா:
தம்பி ஈரக்காடு, சட்டம் தெரியாம நான் பேசல. ஒன்னு மட்டும் கேக்குறேன். எங்க லோங்காங்ல இருந்த மீனெல்லாம் எங்க போச்சு? பிள்ளைங்க வலை போட்டு அள்ளித் தீத்துட்டாங்களா? கம்பத்த எடுத்தாங்க, மண் கால்வாய சிமெண்ட் கால்வாயா ஆக்குனாங்க, நிழல் போச்சு, செடி போச்சு, மீனும் போச்சு. இந்தத் தீவுல ஆதியில இருந்த காட்டுல 95 சதவீதத்துக்கு மேல அழிச்சாச்சுன்னு நீங்க படிக்கிற புஸ்தகத்துலயே போட்டிருக்கு. அதச் செஞ்சது புல்டோசர். இப்ப வந்து 2 வெள்ளி கைவலையப் பார்த்து பயப்படுறீங்க.

வெளி மீன் கதையும் அப்படித்தான். திலாப்பியா ஜப்பான்காரன் காலத்துல வந்தது. பீக்காக் பாஸ தூண்டில் விளையாட்டுக்காக விட்டாங்க. அப்பர் சிலேத்தார்ல தென்னமெரிக்க திருக்கை குட்டி போட்டு வாழுது. பீஷான் பார்க்ல சிமெண்ட் கால்வாய உடைச்சு 2012ல ஆறா மாத்துனாங்க, பார்க்க அழகாத்தான் இருக்கு, ஆனா குனிஞ்சு பார்த்தா கப்பியும் திலாப்பியாவும்தான் அதிகம். இதுல எது பிள்ளைங்க வலையால வந்துச்சு?

ஈரக்காடு:
அங்கிள், அழிச்சது வலை இல்ல, வாழ்ற எடம் போனதுதான் காரணம். அதுல எனக்கு உங்க கூட சண்டையே கிடையாது. ஆனா உங்க காலத்துல ஒரு லோங்காங்ல பத்து செபாட் போனா அடுத்த கால்வாய்லேருந்து இருபது வரும், எல்லாம் ஒன்னோட ஒன்னு சேர்ந்திருந்துச்சு. இப்ப நன்னீர் சதுப்புக் காடுன்னு உருப்படியா மிஞ்சினது நீ சூன்ங்கிற எடம் ஒன்னுதான். தண்ணி டீ கலர், பிஹெச் 5 பக்கம், அதாவது புளிப்புத் தண்ணி, அந்தத் தண்ணிக்குன்னே பழகின மீனுக்கு ரோட்டத் தாண்டி, ரிசர்வாயரத் தாண்டி போக வழியே இல்ல. அங்கேருந்து ஒரு மீன் போச்சுன்னா திரும்ப வர வேற எடம் கிடையாது. விண்ட்சர் அவ்ளோ மோசம் இல்லதான், ஆனா இன்னைக்கு அங்க வலையோட ஒரு கூட்டம் இறங்கினா நாளைக்கு பத்து கூட்டம் இறங்கும்.

பெட்டா_பாய்_யீஷூன்:
நீங்க ரெண்டு பேரும் பழைய கதைலயே நிக்கிறீங்க ப்ரோ. நான் ஒரு ஐடியா சொல்றேன். என் வீட்டுல ஹார்லெக்வின் ராஸ்போரா இலைக்கு அடில முட்டை ஒட்டி குஞ்சு நிறைய கெடக்கு. அது நாட்டு மீன்தானே? கூட்டத்துக்கு பை பையா கட்டி கொண்டு வரேன், பிள்ளைங்க கையாலயே ஓடைல விடட்டும். எடுக்கக் கூடாதுன்னுதானே சட்டம், நாம குடுக்குறோம். அங்கிளுக்கும் சந்தோஷம், காட்டுக்கும் நல்லது.

ஈரக்காடு:
ஐயோ, இது வலைய விட மோசம் ப்ரோ! விடுறதும் குத்தம்தான். விசாக தினம் வந்தா என்பார்க்ஸும் தண்ணி வாரியம் பியூபியும் சேர்ந்து ஆள் நிறுத்தி விடாதீங்க விடாதீங்கன்னு சொல்றது எதுக்குன்னு நினைக்கிறீங்க? உங்க ஹார்லெக்வினோட அப்பன் ஆத்தா எங்க வாங்கினது? சிராங்கூன் நார்த் கடையா? அது எந்த ஊர் பண்ணைல பொறந்துச்சுன்னு கடைக்காரருக்கே தெரியாது. பல தலைமுறையா தொட்டில வளந்த மீன், பளபளன்னு கலர் பார்த்து பொறுக்கி எடுத்தது. அது காட்டு மீனோட கலந்தா இந்த ஊருக்குன்னு இருக்கிற ரத்தம் கலங்கிடும், பிரிச்சு எடுக்கவே முடியாது. தொட்டில இருக்கிற ஒட்டுண்ணி, பூஞ்சை, புழு எல்லாம் கூடவே போகும். மீன் நல்லாத்தான் நீந்தும், நோயத் தூக்கிட்டு நீந்தும்.

பெட்டா_பாய்_யீஷூன்:
அப்ப வெளிநாட்டுல எல்லாம் வளத்து விடுறாங்களே, அது மட்டும் எப்படி?

ஈரக்காடு:
அது அந்தந்த ஓடைலேருந்தே எடுத்த பெத்தவங்கள வச்சு, எந்த ஆண் எந்த பெண்னு கணக்கு எழுதி, நோய் பார்த்து, அந்த மீன் ஏன் அழிஞ்சுதுங்கிற காரணத்த சரி பண்ணிட்டு அப்புறம் விடுறது. ஞாயித்துக்கிழமை புரோட்டாவுக்கு முன்னாடி செய்ற வேலை இல்ல.

லோங்காங்_ராஜா:
இந்த ஒரு விஷயத்துல நான் ஈரக்காடு கட்சி. கடை மீன ஓடைல விடாதப்பா. பாவம் பார்த்து விட்டவங்களாலயே பாதி ரிசர்வாயர் கெட்டுச்சு.

கெத்தாபாங்_இலை:
அதோட வீனஸ் டிரைவ்ல பிளாஸ்டிக் பைய கைல பிடிச்சு நின்னீங்கன்னா குரங்கு உங்க ஹார்லெக்வின விடுதலை பண்ணிரும். சாப்பாடுன்னு நினைச்சு பிடுங்கிட்டு ஓடும், அது ராஸ்போராவா ரொட்டியான்னு அப்புறம்தான் பார்க்கும். மீன் மாத்திக்கிறதா இருந்தா மதியத்துக்கு மேல ஒரு வாய்ட் டெக்ல, ப்ளாக்குக்கு கீழ இருக்கிற திறந்த தளத்துல, வச்சுக்கலாம், டவுன் கவுன்சில்ல நான் எழுதிக் கேக்குறேன். வீட்டுல பொரிச்சது மட்டும், காட்டுல பிடிச்சது வேணாம். பெரிய டப்பா நாலு வச்சு பிள்ளைங்க அதுல கைவலை போட்டுக்கட்டும். தண்ணி யார் கொண்டு வர்றாங்களோ கண்டிஷனர் போட்டு கொண்டு வாங்க. நம்ம குழாய்த் தண்ணில இருக்கிறது க்ளோரமின், வெறும் க்ளோரின் மாதிரி ராத்திரி வாளில வச்சா போயிடாது.

லோங்காங்_ராஜா:
டப்பாவுல மீன் பிடிக்கிறதா? பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைல 5 வெள்ளிக்கு அதான் நடக்குது, அதுக்கு ஏன் மீன் ரசிகர் கூட்டம்?

ரெண்டு_வாலு_அம்மா:
அங்கிள் உங்களுக்கு டப்பா, என் மகனுக்கு அது கடல். இருக்கட்டும்.

கெத்தாபாங்_இலை:
பாசார் மாலாம்ல கோல்ட் ஃபிஷ் இருக்கும் அங்கிள், கத்துற கௌராமி இருக்குமா? என்கிட்ட ட்ரைகாப்சிஸ் விட்டாட்டா நாலஞ்சு இருக்கு, ரெண்டு ஆண எதிர எதிர விட்டா கர்ர் கர்ர்னு சத்தம் போடும், டப்பால காத வச்சா நல்லாவே கேக்கும். பக்கத் துடுப்போட நாரத்தான் தந்தி மாதிரி சுண்டி சத்தம் எழுப்புது. இது உங்க கம்பத்து லோங்காங்ல இருந்த மீன்தான்.

லோங்காங்_ராஜா:
அது கத்தும்னு எனக்கு தெரியும் லா. கொண்டு வா பார்ப்போம்.

கேமரா_தாம்சன்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். நான் வலை வாளி எதுக்கும் வரல, ஃபோட்டோக்குத்தான் வரேன். எல்லாரும் எடுக்கிற படத்த ஐநேச்சுரலிஸ்ட்ங்கிற உயிரினப் பதிவு ஆப்புல ஏத்தலாம்ல? ஒரே நாள்ல முப்பது பேர் பார்த்ததுன்னா நல்ல பதிவு.

லோங்காங்_ராஜா:
வேணவே வேணாம். எடம் வெளிய தெரிஞ்சா அடுத்த வாரமே ராத்திரில வந்து அள்ளிட்டுப் போறவன் போவான். நல்ல ஓடைய வாய விட்டு சொல்லக் கூடாது, எங்க காலத்துலயே அதான் ரூல்.

ஈரக்காடு:
இதுல நான் உங்களுக்கு எதிர் கட்சி அங்கிள். அழியிற நிலைல இருக்கிற உயிருக்கு அந்த ஆப்பே எடத்த மறைச்சிரும், 0.2 டிகிரி கட்டத்துக்குள்ள எங்கயோன்னுதான் காட்டும். நம்ம ஊரே கிழக்கு மேற்கா 50 கிலோமீட்டர்தான், அந்தக் கட்டத்துக்குள்ள பாதி சிங்கப்பூர் வந்துரும். பதிவே இல்லன்னா வேற ஆபத்து இருக்கு. கிராஸ் ஐலண்ட் லைன் எம்ஆர்டி ரயில் காப்பகத்துக்கு அடில போகுதா சுத்திப் போகுதான்னு வருஷக்கணக்கா பேச்சு நடந்துச்சு, 2019ல 70 மீட்டர் ஆழத்துல நேரா போறதுன்னு முடிவாச்சு. அந்த மாதிரி நேரத்துல இங்க என்ன உயிர் இருக்குன்னு கேக்குறப்ப காட்டுறதுக்கு கைல ஏதாவது இருக்கணும். ரகசியமா வச்சிருக்கிற ஓடைல ஒன்னும் இல்லன்னு எழுதிட்டு போயிடுவாங்க.

லோங்காங்_ராஜா:
கட்டம் மறைக்கும், சரி. ஃபோட்டோல பின்னாடி பாலத்து கைப்பிடி தெரியுதே, அத யார் மறைப்பா? ரெகுலரா நடக்கிறவன் பார்த்த ஒடனே சொல்லிருவான் எந்த எடம்னு. மீன் மட்டும் தெரியிற மாதிரி வெட்டி ஏத்துங்க, ஃபேஸ்புக்ல எவனும் அன்னைக்கே போடக் கூடாது. அதுக்கு ஒத்துக்கிட்டா நான் வாய மூடிக்கிறேன்.

கேமரா_தாம்சன்:
வெட்டிடலாம் அங்கிள், ஒரு மாசம் கழிச்சு ஏத்துறேன்.

பெட்டா_பாய்_யீஷூன்:
எல்லாம் சரி, மலேசியா பக்கம் ஜொகூர் போலாமே? அங்க சதுப்பு இன்னும் பெருசா இருக்கும்ல, வலையும் போடலாம்.

கெத்தாபாங்_இலை:
ஞாயித்துக்கிழமை ஜொகூர் போற காஸ்வே ரோட்டு நெரிசல்ல நின்னுட்டு மீன் பார்க்க முடியாது ப்ரோ. ஆயர் ஹீத்தாம் பக்கம் பெட்டா பெர்செஃபனி இருந்த கரிச்சதுப்புல நிறைய எடம் செம்பனைத் தோட்டமா மாறியாச்சு. அங்கயும் போய் அள்ளுறதா?

லோங்காங்_ராஜா:
சரி, ஒரு கேள்வி. ஈரக்காடு தம்பி, பர்மிட் இல்லாம பிடிக்கக் கூடாதுன்னு மொதல்லயே சொன்ன. அப்ப பர்மிட்டோட பிடிக்கலாம்தானே? ஆராய்ச்சிக்கு குடுக்குறாங்களா இல்லையா?

ஈரக்காடு:
குடுக்குறாங்க. ஆனா எதுக்கு, எந்த ஓடை, எத்தன பேர், என்ன வலை, எல்லாம் எழுதிக் குடுக்கணும், பின்னாடி ஒரு பல்கலைக்கழகமோ ம்யூசியமோ நிக்கணும். முப்பது பேருக்கு சான்ஸே இல்ல. நாலு பேர் கேட்டா ஒருவேளை.

லோங்காங்_ராஜா:
நீ என்யூஎஸ் யுனிவர்சிட்டில தானே படிக்கிற? உன் புரொஃபசர்கிட்ட கேளு. அந்த நாலுல ஒன்னு நானு. வலை என்கிட்ட இருக்கு.

ஈரக்காடு:
கேக்குறேன் அங்கிள், சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வலை அவங்க குடுக்குறதுதான், உங்க வலைய வீட்டுலயே வைங்க.