வீடு வாங்கும்போது செப்டிக் டேங்கைத் திறந்து பார்த்தீர்களா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கோத்தகிரி வாசி:
அட்வான்ஸ் கொடுக்கப் போகிற நேரம். பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரி. கூட வந்த பிளம்பர்தான் விடவில்லை. கக்கூஸில் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றி, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் விட்டார். நம் மலையில் ஒரு வீட்டு முற்றம் அடுத்த வீட்டுக் கூரை மட்டத்தில் இருக்கும், தெரியும்தானே. மறுநாள் காலை கீழ்த்தட்டு ஊற்றில் ஒரு அம்மா குடத்துக்குள் பார்த்தபடி நின்றார். தண்ணீர் பச்சை. "பாசியா தம்பி இது?" என்று என்னைத்தான் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், "பேரனுக்கும் இதைத்தானே கொடுக்கிறேன்" என்றார்.

அப்புறம் ஸ்லாபை நகர்த்தினோம். சுற்றிலும் கல் கட்டு, அடியில் வெறும் மண். வீட்டுக்காரர், "இத்தனை வருஷமா யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. வாங்கியவரிடம் யாராவது சொன்னார்களா என்பது இன்னும் உறுத்துகிறது.

கொடைக்காரி:
எல்லா வீட்டுக்காரரும் மறைக்கிறவர்கள் இல்லை அண்ணா. கொடைக்கானலில் அப்பா வீட்டை விற்றபோது நாங்களேதான் திறந்து காட்ட நினைத்தோம். கழிவு உறிஞ்சும் லாரி சந்துக்குள் வரவில்லை, ஓஸும் எட்டவில்லை. தரகர் ஓர் ஆளைக் கூட்டி வந்தார். நான் வெளியே வருவதற்குள் அவர் சட்டையைக் கழற்றி மடித்துத் திண்ணையில் வைத்துவிட்டார். கையில் ஒரு வாளி, கயிறு, அவ்வளவுதான். இறங்கக் கூடாது என்று கத்தினேன். "கூலி போயிடும்மா" என்றார். கூலியைக் கொடுத்து அனுப்பினோம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம். அந்தத் தரகர் இன்னும் வீடு விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்.

குன்னூர் மேஸ்திரி:
தங்கச்சி சொல்வது நியாயம். ஆனால் விற்கிறவர் நல்லவரா என்பது வேறு, டேங்க் நல்லதா என்பது வேறு. கோத்தகிரி சார், சாயம் வெளியே வந்தால் கசிவு உறுதி. வராவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை, வெயில் காலத்தில் வராமலே போகலாம். மழைக்காலத்தில் பாருங்கள். மூடியைத் திறந்ததும் நீர்மட்டத்தைக் கவனியுங்கள். வெளிக்குழாய்க்கு மேலே நின்றால் குழாயோ, அந்தத் தண்ணீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழியோ அடைத்திருக்கிறது. புழங்குகிற வீட்டில் குழாய்க்குக் கீழே இறங்கிக் கிடந்தால் டேங்க் ஒழுகுகிறது. லாரி உறிஞ்சும்போது கூடவே நில்லுங்கள். வெளிக்குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி வந்தால் உறிஞ்சுகுழி நிரம்பிவிட்டது. நடுச்சுவர் இருக்கிறதா, கசடு வெளிக்குழாய்க்குள் போகாமல் தடுக்கிற டி பைப் உடைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். தலையை உள்ளே விடாதீர்கள், விஷவாயு. நம் குளிரில் கசடு மெதுவாகத்தான் மட்கும், அதனால் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை உறிஞ்ச வேண்டும் என்ற சமவெளிக் கணக்கை நம்பாதீர்கள். உறிஞ்சுகுழி குடிநீருக்கு 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. சரிவில் ஊற்றுக்கு நேர் மேலே இருந்தால் அதுவும் போதாது. தடுப்புச்சுவரை ஒட்டி இருந்தால் வாங்கவே வேண்டாம், மண் எப்போதும் ஊறியே கிடக்கும். 2009 நவம்பர் நீலகிரி மண்சரிவைப் பார்த்த எனக்கு அந்த இடத்தில் தூக்கம் வராது.

கோத்தகிரி வாசி:
மேஸ்திரி அண்ணா, நான் வாங்கத்தான் இல்லையே. அந்த அம்மா இப்போது என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

குன்னூர் மேஸ்திரி:
கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். ஊற்றுத் தண்ணீரைக் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து, கிருமிச் சோதனை என்று கேளுங்கள். அந்த முடிவோடு ஊராட்சியில் மனு கொடுக்கலாம். சாயம் வந்ததை நேரில் பார்த்தவர் நீங்கள், கூடப் போங்கள்.