மறுமொழி: முதல் பெண்மணியா, மாளிகைத் தலைவியா?

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்க அதிபரோட வெள்ளை மாளிகையில விருந்தாளிகளை வரவேற்று உபசரிக்கற பெண்ணை இங்கிலீஷ்ல 'First Lady'ன்னு சொல்றாங்களே, அந்தப் பொறுப்புக்குத் தமிழ்ல என்ன சொல் வைக்கலாம்ங்கிறதுதான் நம்ம பேச்சு. 'முதல் பெண்மணி'ங்கிற சொல்தான் ஏற்கனவே பத்திரிகையில புழங்குதே, அதையே வச்சுக்கலாம்னு ரெண்டு மூணு பேர் எழுதியிருந்தீங்க. நானும் அப்படி நெனச்சுத்தான் ஹாரியட் லேன் பத்தின கட்டுரையை ஆரம்பிச்சேன், முதல் வரியிலயே மாட்டிக்கிட்டேன். "1857 முதல் 1861 வரை அமெரிக்காவின் முதல் பெண்மணி"ன்னு எழுதி அம்மாகிட்ட காட்டுனா, "எதுல முதல்?"னு கேக்கறாங்க. முதல் பெண் டாக்டர், முதல் பெண் விமானின்னு படிச்சுப் பழகின கண்ணுக்கு அப்படித்தானே படும்.

சரின்னு 'அதிபரின் மனைவி'ன்னு மாத்துனேன், அது அதைவிடத் தப்பு. அப்போ அதிபரா இருந்த ஜேம்ஸ் புக்கானன் கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணிக்கல. ஹாரியட் அவரோட கூடப்பிறந்தவ மக, 11 வயசுக்குள்ள அம்மா அப்பா ரெண்டு பேரையும் இழந்துட்டு தாய்மாமன் பொறுப்புல வளர்ந்தவங்க.

அவங்க ஒருத்தர் மட்டும் விதிவிலக்குன்னா விட்டுரலாம். அந்த நூற்றாண்டு முழுக்க இப்படித்தான் இருக்கு. ஆண்ட்ரூ ஜாக்சன் அதிபரா பதவியேற்கறதுக்கு முன்னாடியே, 1828 டிசம்பர்ல மனைவி இறந்துட்டாங்க, அந்தப் பொறுப்பை எடுத்துக்கிட்டது எமிலி டானல்சன், மனைவி வழி உறவுப் பொண்ணு. அவருக்கு அடுத்த அதிபர் வான் பியூரனுக்கு மருமக. அதிபர் கிளீவ்லாண்டுக்கு 1886 ஜூன்ல கல்யாணம் ஆகற வரைக்கும் தங்கச்சி ரோஸ். இன்னொரு அதிபர் ஜான் டைலர் கதையைப் பாருங்க, மனைவி லெட்டிஷியா அதே மாளிகையிலதான் இருந்தாங்க, ஆனா பக்கவாதம் வந்து படுத்துட்டதால விருந்தாளிகளைக் கவனிச்சது மருமக பிரிசில்லா. அப்போ மனைவிங்கிறது வேற, இந்தப் பொறுப்பு வேற. நமக்குச் சொல் வேண்டியது பொறுப்புக்கு.

'விருந்தோம்பி'ன்னு ஒருத்தர் சொல்லியிருந்தீங்க, அழகான சொல்தான், ஆனா அதுல பாதி வேலைதான் அடங்குது. ஹாரியட் வாராவாரம் விருந்துக்கு யாரை எங்க உக்கார வைக்கணும்னு தானே உக்காந்து யோசிப்பாங்களாம், பதவிக்குரிய வரிசையும் கெடக்கூடாது, அமெரிக்க உள்நாட்டுப் போர்ல வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் அடிச்சுக்கப் போற நேரத்துல பகையாளிங்க பக்கத்துப் பக்கத்துலயும் வந்துரக்கூடாது. அது வெறும் உபசாரம் இல்லீங்க, அரசியல். 1860-ல வேல்ஸ் இளவரசர் வந்தப்போ அவரை ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன அரசுக் கப்பலுக்குப் பேரே 'ஹாரியட் லேன்'தான்.

அதனால என் பரிந்துரை 'மாளிகைத் தலைவி'. மனைவி, மக, மருமக, தங்கச்சி யாரா இருந்தாலும் பொருந்தும், குடியரசுத் தலைவர் மாளிகைன்னு நமக்குப் பழகின வழக்கோட ஒட்டியும் வருது. மாளிகையோட நிர்வாகின்னு தப்பா எடுத்துக்குவாங்களோன்னு ஒரு தயக்கம் எனக்கும் உண்டு, ஆனா 'குடும்பத் தலைவி'ன்னா நாம யாரும் நிர்வாகின்னு நெனைக்கறதில்லையே.

இன்னொன்னு. குழந்தை மருத்துவம் படிச்ச என் தங்கச்சி மேசையில 'ஹாரியட் லேன்'னு ஒரு கையேடு ஓரமெல்லாம் நைஞ்சு கிடக்கும். ஹாரியட் தன்னோட ரெண்டு பசங்களையும் சின்ன வயசுலயே பறிகொடுத்தவங்க, நோயாளிக் குழந்தைகளுக்காக அவங்க எழுதி வச்ச சொத்துலதான் பால்டிமோர்ல ஜான்ஸ் ஹாப்கின்ஸோட சேர்ந்து மருத்துவமனை வந்துச்சு, அந்தப் பேர்தான் கையேட்டுலயும். நம்ம ஊர் டாக்டருங்க தினம் சொல்ற பேரு அது, அவங்களுக்கு ஒரு தப்பான பட்டத்தைப் போட எனக்கு மனசு வரல.

ஞாயித்துக்கிழமை கட்டுரையை முடிக்கணும். இதைவிட நல்ல சொல் இருந்தா அதுக்குள்ள எழுதுங்க, மாத்திடறேன்.