மாடலிங் முறைகளை யாருடைய வேலையைப் பார்த்து வடிவமைப்பது?

கரிசல்:
மாடலிங் என்றால் ஒரு வேலையோ மென்பொருளோ எப்படி இயங்குகிறது என்பதைப் படமாக வரைவது. அதற்கான யூஎம்எல் (மென்பொருளை வரையும் குறியீடு), பிபிஎம்என் (அலுவலக வேலை ஓட்டத்தை வரையும் குறியீடு) மாதிரியான முறைகள் நிரலுக்குத்தான் வசதி, வேலை செய்கிறவர்களுக்கு அல்ல. இந்தச் சிக்கல் பழையது: 1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை புதிய கணினி அமைப்புக்கு மாறியது. எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்பதைக் கணினியே தீர்மானிக்கும். ஒவ்வொரு வண்டியின் இடமும் நிலையும் அதற்கு எந்நேரமும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஊழியர்கள் நிலையைச் சொல்லும் பொத்தான்களை வரிசை மாற்றி அழுத்தினார்கள், ஒதுக்கியதை விட்டு வேறு வண்டியை எடுத்துப் போனார்கள். கணினி நினைத்ததும் தெருவில் நடந்ததும் விலகிக்கொண்டே போய், ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் போய் நின்றன. மறுநாளே பாதி கைமுறைக்குத் திரும்பிவிட்டார்கள். ஊழியர் தன் யோசனைப்படி நடக்க அந்த மாடலில் இடமே இல்லை.

நேர்கோடு:
இதற்கு மாடலிங்கைக் குறை சொல்வது நியாயமில்லை. 1993 விசாரணை அறிக்கை சொன்னது வேறு: சோதனை போதவில்லை, பயிற்சி சரியில்லை, காலக்கெடு நெருக்கியது. நவம்பர் 4 அன்று எல்லாமே நின்றுபோனதற்குக் காரணம், சர்வரின் நினைவகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ற ஒரு நிரல் பிழை. ‘ஊழியர் வேறு வண்டி எடுக்கலாம்’ என்று வரைய ஓர் அம்புக்குறி போதும். குறியீடு தடுக்கவில்லை, யாரும் போய்க் கேட்கவில்லை.

கரிசல்:
கேட்க வைக்கத்தானே முறை வேண்டும்? ஸ்காண்டிநேவியாவில் 1981இல் தொடங்கிய உட்டோப்பியா திட்டத்தில், அச்சு வேலைக்கான கணினிக் கருவிகளை வடிவமைக்க அச்சுத் தொழிலாளர் சங்கங்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஆய்வாளர்கள் கொண்டுவந்த விவரிப்புகள் தொழிலாளர்களுக்கு ஒட்டவே இல்லை. அட்டையிலும் மரத்திலும் போலிக் கணினித் திரைகளைச் செய்து வைத்த பிறகுதான், பக்கம் கட்டும் வேலையை அவற்றில் செய்து காட்டித் தங்கள் தொழிலைப் பேச ஆரம்பித்தார்கள்.

திண்ணை:
குறுக்கே ஒரு சேதி. மென்பொருள் வடிவமைப்பை ஆராயும் மாரியன் பெட்ரே 2013இல் வெளியிட்ட ஆய்வில், பேட்டி கண்ட 50 மென்பொருள் வல்லுநர்களில் 35 பேர் யூஎம்எல்லையே தொடுவதில்லை. 11 பேர் வேண்டியபோது வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முழு மனதோடு பயன்படுத்தியவர் ஒருவரும் இல்லை. வரைகிறவர்களும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள்தான். அவர்களுக்கே பொருந்தாத முறை இது.

நேர்கோடு:
திண்ணை சொல்வது சரி, முறைகள் கனமாகிவிட்டன. ஆனால் அட்டை மாதிரியை வைத்து, பின்னால் வேலைக்குச் சேருகிறவருக்கு எதை ஒப்படைப்பீர்கள்? வரிசை முன்கூட்டியே தெரியாத வேலைகளுக்கென்றே யூஎம்எல் தரத்தைப் பராமரிக்கும் ஓஎம்ஜி அமைப்பு 2014இல் சிஎம்எம்என் என்ற வரைபடக் குறியீட்டை வெளியிட்டது. குறியீட்டு உலகம் கண்ணை மூடிக்கொண்டு இல்லை.

கரிசல்:
அந்தப் படத்தைப் பார்த்து “நான் இப்படிச் செய்வதில்லையே” என்று ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநரால் சொல்ல முடியுமா?

நேர்கோடு:
அவர் படிக்க வேண்டியதில்லை. நான் அவரோடு ஒரு ஷிஃப்ட் முழுக்க வண்டியில் உட்கார்ந்து, பார்த்ததை எழுதி, அவருக்கே படித்துக் காட்டுவேன். அது மாடல் வரைகிற ஆய்வாளரின் கடமை.

கரிசல்:
அந்த ஷிஃப்டை முறையிலேயே கட்டாயப் படியாக எழுதுங்கள் என்கிறேன். ஆய்வாளரின் நல்ல மனதை நம்பி விட்டால், காலக்கெடு நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது அதுதான். லண்டனில் காலக்கெடு நெருக்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.